சுவரில் இருந்தது நெட் பாயின்ட்டே இல்லை!

"ஹலோ... கேட்குதா? நான் பேசுறது கேட்குதா?"

இரண்டு மாதங்களுக்கு முன்புவரை, விழுப்புரத்தில் எங்கள் வீட்டின் பின்பக்க அறையிலிருந்து ஒரு நாளைக்குப் பத்து முறையாவது இந்த வசனம் கேட்கும். பேசுவது என் அக்கா. பிரசவத்துக்காக அம்மா வீட்டுக்கு வந்தவள், விடுப்பு முடிந்ததும் இங்கிருந்தே வேலை பார்க்க ஆறு மாதங்களுக்கு அனுமதி வாங்கியிருந்தாள். முதல் மாதமே மேனேஜரிடமிருந்து மெயில். மீட்டிங் நடுவில் இப்படி லைன் கட்டாகிக்கொண்டே இருந்தால், சென்னை அலுவலகத்துக்கே வந்துவிடுங்கள் என்று. மாமாவுக்கு வேலை ஓசூரில். கைக்குழந்தையோடு சென்னையில் வீடு பார்ப்பதா, குழந்தையை இங்கே விட்டுவிட்டு அவள் மட்டும் போவதா என்று சாப்பாட்டு நேரத்தில் பேச்சு வந்தது. அம்மா பரிமாறுவதை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

வீட்டில் 'டெக்' ஆள் நான்தானே? அந்த சனிக்கிழமை ஊருக்குப் போனதும் களத்தில் இறங்கினேன். ரவுட்டர் ஹாலில், டி.வி.க்கு மேலே இருக்கிறது. அதற்கும் அக்காவின் அறைக்கும் நடுவில் இரண்டு 9 இன்ச் செங்கல் சுவர்கள், ஒரு இரும்பு பீரோ. வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை முதல் சுவரிலேயே களைத்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைக் கொஞ்சம் தாண்டும். ஆனால், தெருவில் இருக்கும் எல்லா வீட்டு வைஃபையும் அதே பாதையில் முண்டியடிக்கும்.

"அப்பா வீடு கட்டும்போதே ரூமுக்கு ஒரு நெட் பாயின்ட் போட்டாரே!" என்றேன் பெருமையாக. உண்மைதான். எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் சொல்லி ஐந்து இடங்களில் போட வைத்திருந்தார். வைஃபை இருந்ததால் யாரும் அதைச் சீண்டவே இல்லை. கட்டிலை நகர்த்தி, நெட்வொர்க் கேபிளின் பிளக்கை அதில் செருகினேன். போகவில்லை. திருப்பிச் செருகினேன். ம்ஹூம். டார்ச் அடித்துப் பார்த்தபிறகுதான் புரிந்தது. அது டெலிபோன் சாக்கெட்!

சிரிக்காதீர்கள், உங்கள் வீட்டிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். டெலிபோனுக்கானது ஆர்ஜே 11. நெட்வொர்க்குக்கானது ஆர்ஜே 45. முதலாவது குட்டியாக, இரண்டு அல்லது நான்கு பித்தளை நிறக் கம்பிகளோடு இருக்கும். இரண்டாவது கொஞ்சம் அகலம், எட்டு கம்பிகள். சுவரில் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரிதான் தெரியும். எலக்ட்ரீஷியன் அண்ணனைக் குறை சொல்லவும் முடியாது. அவரிடம் 'நெட் பாயின்ட்' என்றுதான் அப்பா சொன்னார். லேண்ட்லைன் ஒயரில் நெட் வந்த காலத்து ஆள் அவர்.

எம்.சி.பி.யை அணைத்துவிட்டுப் பிளேட்டைக் கழற்றினேன். உள்ளே ஒரு நல்ல செய்தி. சுவருக்குள் ஓடியிருந்தது கேட் 6 கேபிள்தான், எட்டு ஒயர்களும் இருந்தன. அதில் நான்கை மட்டும் டெலிபோன் சாக்கெட்டில் மாட்டி, மீதி நான்கைச் சுருட்டி உள்ளே திணித்திருந்தார்கள். சுவரை உடைக்க வேண்டியதில்லை, சாக்கெட்டை மாற்றினால் போதும் என்றதும் அம்மாவுக்குப் பாதி உயிர் திரும்பியது.

இங்கேதான் நான் கஞ்சத்தனம் செய்தேன். ஆன்லைனில் ஐந்து ஆர்ஜே 45 சாக்கெட்டுகள் 349 ரூபாய். 'எல்லா மாட்யூலர் பிளேட்டுக்கும் பொருந்தும்' என்று போட்டிருந்தது. படத்தில் கேட் 6 என்று பெரிதாக எழுதியிருந்தது. வந்த பொருளில் எங்குமே அப்படி எழுதவில்லை. எங்கள் பிளேட்டில் வைத்தால் ஆடும் பல் மாதிரி ஆடியது. காகிதத்தை மடித்து ஓரத்தில் சொருகி நிறுத்தினேன். சாக்கெட்டின் பின்னால் எட்டு சின்னச் சின்ன வெட்டுகள் இருக்கும். ஒவ்வொரு ஒயரையும் அதன் நிறத்துக்குரிய வெட்டில் வைத்து அழுத்த வேண்டும். வெட்டின் ஓரத்தில் இருக்கும் உலோகம் ஒயரின் பிளாஸ்டிக்கைக் கிழித்துச் செம்பைக் கவ்விக்கொள்ளும். அதற்கென்று பஞ்ச் டவுன் டூல் இருக்கிறது. நான் ஸ்க்ரூடிரைவரால் அழுத்தினேன். ஹால் பக்க முனைக்கு ஃபைபர் கனெக்‌ஷன் கொடுத்த தம்பி வந்து பிளக் போட்டுக் கொடுத்தார்.

லேப்டாப்பில் மாட்டினால், நெட் வந்துவிட்டது! அக்கா அன்று மாலை பாயசம் வைத்தாள்.

நான்கே நாள். வியாழக்கிழமை சென்னையில் வேலையில் இருக்கும்போது போன். "தம்பி, மறுபடியும் கட்டாகுதுடா. இன்னைக்கு கிளையன்ட் கால்ல மூணு தடவை." அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் என்னவோ செய்தது.

போனிலேயே அவளை ஒன்று பார்க்கச் சொன்னேன். இது உங்களுக்கும் உதவும். விண்டோஸ் லேப்டாப்பில் செட்டிங்ஸ், நெட்வொர்க், ஈதர்நெட் என்று போனால் 'லிங்க் ஸ்பீடு' என்று ஓர் எண் காட்டும். 1000 என்று இருக்க வேண்டிய இடத்தில் 100 என்று இருந்தது. ஏன் இது முக்கியம்? கேபிளில் எட்டு ஒயர்கள், நான்கு ஜோடிகள். 100 எம்.பி.பி.எஸ். வேகத்துக்கு இரண்டு ஜோடி போதும். 1000 வேண்டுமென்றால் நான்கு ஜோடியும் வேலை செய்தாக வேண்டும். மீதி இரண்டு ஜோடிகளில் ஏதாவது ஓர் ஒயர் சரியாகத் தொடவில்லையென்றால், கருவிகள் பெரும்பாலும் தாங்களாகவே 100-க்கு இறங்கிக்கொள்ளும். வீடியோ காலுக்கு 100 தாராளம்தானே என்று கேட்கலாம். தாராளம்தான். ஆனால், ஓர் ஒயர் இன்று தொடவில்லையென்றால், நாளை இன்னோர் ஒயர் விட்டுவிட்டுத் தொடும். அப்போதுதான் லைன் போய்ப்போய் வரும். (ஒரு விஷயம்: ஒல்லியான லேப்டாப்களில் நெட்வொர்க் துளை இருக்காது, யு.எஸ்.பி. அடாப்டர் போடுவோம். மலிவு அடாப்டர்களில் சில 100 வேகம் வரைதான் போகும். அதைப் பார்க்காமல் சாக்கெட்டின் மேல் பழி போடாதீர்கள். அக்காவுடையது 1000 போகும் அடாப்டர்.)

அந்த சனிக்கிழமை, பிளேட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். பிளேட்டை எதற்குக் கொண்டுபோக வேண்டும்? மாட்யூலர் சுவிட்சுகளில் ஒரு கம்பெனியின் சாக்கெட் இன்னொரு கம்பெனியின் பிளேட்டில் பெரும்பாலும் சரியாக உட்காராது. பிளேட்டின் பின்பக்கம் பெயரும் வரிசையும் இருக்கும். அதைக் காட்டினால் கடைக்காரர் அதற்குரியதையே எடுத்துக் கொடுப்பார்.

சின்னக் கடை. கல்லாவில் இருந்த பெரியவர் என் ஆன்லைன் சாக்கெட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, இந்த எட்டு பின் ஒரே மட்டத்துல இருக்கா பாருங்க."

இல்லை. ஒன்று கீழே அமுங்கியிருந்தது. நகத்தால் நிமிர்த்தினால் மறுபடி படுத்துக்கொண்டது. நல்ல சாக்கெட்டில் அந்தக் கம்பிகள் ஸ்பிரிங் மாதிரி எழும்ப வேண்டும். மேலே தங்க முலாம் இருக்கும், துருப்பிடிக்காமல் இருப்பதற்கு. பின்பக்கம் ஒயர்களை மூடும் ஒரு பிளாஸ்டிக் மூடி வர வேண்டும். பக்கவாட்டில் ஏ, பி என்று இரண்டு நிற வரிசைகள் தெளிவாக அச்சாகியிருக்க வேண்டும். கேட் 6 என்பது அட்டைப்பெட்டியில் மட்டுமல்ல, சாக்கெட்டின் உடம்பிலேயே இருக்க வேண்டும். இவ்வளவும் சொல்லிவிட்டு, "விலை கம்மியா இருக்கறது தப்பில்ல. பேர் போடாம இருக்கறதுதான் தப்பு" என்றார்.

எங்கள் பிளேட் கம்பெனியின் சாக்கெட் ஒன்று 290 ரூபாய் என்றார். எனக்குத் தலை சுற்றியது. ஐந்து வாங்கினால் 1,450 ஆகுமே! பெரியவரே வழி சொன்னார். "அஞ்சு எதுக்கு? எங்க உக்காந்து வேலை பாப்பீங்களோ அங்க மட்டும் மாத்துங்க. மத்தது டெலிபோன் சாக்கெட்டாவே கெடக்கட்டும். என்ன கெட்டுப்போச்சு?" அக்கா அறைக்கு ஒன்று, நான் ஊருக்குப் போனால் உட்காரும் மாடி அறைக்கு ஒன்று. 580 ரூபாயோடு முடிந்தது.

நீங்கள் புதிதாக வீடு கட்டுகிறீர்கள், இன்னும் பிளேட் வாங்கவில்லை என்றால் இதைவிடக் குறைந்த செலவில் முடிக்கலாம். நெட்வொர்க் சாமான் கடையில் 'ஐ.ஓ.' என்று கேளுங்கள். கீஸ்டோன் ஜாக் என்றும் சொல்வார்கள். சதுரமான சின்ன ஜாக் அது. எல்லாக் கம்பெனியும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் செய்கிறார்கள். அதை மாட்ட ஒரு ஃபேஸ் பிளேட், அதற்குப் பின்னால் ஒரு பேக் பாக்ஸ். பேர் தெரிந்த கம்பெனியின் கேட் 6 ஜாக்கும் பிளேட்டும் சேர்த்தே, நான் ஒரு மாட்யூலர் சாக்கெட்டுக்குக் கொடுத்த விலைக்குள் வந்துவிட்டன. பின்னாளில் ஜாக் கெட்டுப்போனால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும். சுவிட்ச் போர்டுகளோடு பார்க்க ஒரே மாதிரி இருக்காது என்பது ஒன்றுதான் குறை. வாடகை வீடென்றால் சுவரின் மேலேயே ஒட்டும் பாக்ஸ் கிடைக்கிறது. கேபிளை பி.வி.சி. கேசிங்கில் ஓட்டிவிட்டு, காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம்.

மிச்சம் பிடிக்கவே கூடாத இடம் கேபிள். சாக்கெட்டை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், பூச்சு வேலை முடிந்தபின் கேபிளை மாற்றுவது பெரும்பாடு. 305 மீட்டர் பெட்டி பாதி விலைக்குக் கிடைக்கிறதென்றால் உஷாராகுங்கள். அலுமினியக் கம்பிக்கு மேலே செம்பை மெல்லிசாகப் பூசிய சரக்காக இருக்கலாம். சி.சி.ஏ. என்பார்கள். போன மாதம் சித்தப்பா புது வீட்டுக்கு அப்படி ஒரு பெட்டியோடு வந்து நின்றார். ஓர் ஒயரைக் கத்தியால் சுரண்டினேன். செம்பு நிறம் போய் வெள்ளி நிறம் தெரிந்தது. நாலு முறை வளைத்தால் ஒடிந்தும் போனது. அது சாக்கெட்டின் வெட்டிலும் நாளடைவில் தளரும். கேமராவுக்கு அதே கேபிளில் மின்சாரம் அனுப்பினால் சூடும் ஏறும். சித்தப்பா முணுமுணுத்துக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிட்டு, முழுச் செம்பு கேபிள் வாங்கினார். கூடவே அவரிடம் இன்னொரு சண்டையும் போட்டேன். நெட் கேபிளை கரன்ட் ஒயர் போகும் அதே பைப்பில் இழுக்காதீர்கள், அதே பாக்ஸிலும் வைக்காதீர்கள், தனி பைப், தனி பாக்ஸ் என்று. இரைச்சல் சேரும் என்பது ஒரு பக்கம். என்றைக்காவது 230 வோல்ட் ஒயர் உரிந்து இதில் பட்டால் என்ன ஆகும் என்பதுதான் என் பயம். முக்கால் இன்ச் பைப்புக்குப் பதில் ஒரு இன்ச் போடுங்கள் என்றும் சொன்னேன். அதற்கு மட்டும் உடனே தலையாட்டினார்.

அக்கா கதைக்கு வருகிறேன். இந்த முறை நானே முறுக்கவில்லை. எங்கள் தெருவில் சி.சி.டி.வி. போடும் அண்ணனைக் கூப்பிட்டேன். ஊர்ப்பக்கம் இந்த வேலைக்கு எலக்ட்ரீஷியனைவிட அவர்கள்தான் பொருத்தம். தினமும் இந்த பிளக், சாக்கெட்டோடுதான் அவர்கள் பிழைப்பு. என் பழைய வேலையைக் கழற்றும்போது பிரவுன் ஒயர் கை பட்டதுமே உருவிக்கொண்டு வந்தது.

"யாரு போட்டது?" என்றார்.

"ஆன்லைன் சாக்கெட்ணே, மட்டமான சரக்கு" என்றேன்.

"சாக்கெட்டும் மட்டம்தான். போட்ட கையும் மட்டம்தான்."

நான் ஜோடி ஒயர்களின் முறுக்கை இரண்டு இன்ச்சுக்குப் பிரித்துப் போட்டிருந்தேன். அந்த முறுக்குதான் இரைச்சலைத் தடுப்பது, அரை இன்ச்சுக்கு மேல் பிரிக்கவே கூடாதாம். அவர் டூலை வைத்து ஒவ்வோர் ஒயராக அழுத்த, 'டக், டக்' என்று எட்டு சத்தம். மிச்ச நுனியையும் அதுவே வெட்டித் தள்ளியது. ஹால் பக்கம் பி வரிசையில் பிளக் இருந்ததால் இங்கேயும் பி. எந்த வரிசை என்பதைவிட, இரண்டு முனையும் ஒரே வரிசையா என்பதுதான் முக்கியம். சின்ன டெஸ்டரை மாட்டினார். ஒன்றிலிருந்து எட்டு வரை விளக்குகள் வரிசையாக எரிந்தன. இரண்டு அறைகளுக்கும் கூலி 300. லேப்டாப்பில் லிங்க் ஸ்பீடு 1000.

எட்டு வாரங்கள் ஆகிவிட்டன. மேனேஜரிடமிருந்து அதற்குப்பின் மெயில் இல்லை. அனுமதியை இன்னும் ஆறு மாதங்களுக்கு நீட்டிக்கக் கேட்டு அக்கா எழுதியிருக்கிறாள். பதில் வரவில்லை. இதற்கிடையே தவழ ஆரம்பித்துவிட்ட எங்கள் வீட்டுக் குட்டி, கட்டிலுக்குப் பக்கத்தில் சுவரில் இருக்கும் அந்த சாக்கெட்டைக் கண்டுபிடித்துவிட்டாள். போன ஞாயிறு அக்கா கேட்டாள், "தம்பி, மூடி வெச்ச சாக்கெட் கிடைக்குமாடா?"

கிடைக்கிறது, ஷட்டர் வைத்தது என்று கேட்க வேண்டும். நான் ரிச்சி ஸ்ட்ரீட் போய் வரும்வரை கட்டிலை அதற்கு முன்னால் நகர்த்தி வைத்திருக்கிறோம்.