மறக்கலாகாத ‘கில்பில்’

ஆசிரியர் அவர்களுக்கு,

1972 அக்டோபர் 2ஆம் நாள் உதயமான பம்பாய்த் தூரதர்ஷன், மராத்தியில் ‘கில்பில்’, குஜராத்தியில் ‘சந்தாகூகடி’ என்று பாலர்களுக்கெனவே நிகழ்ச்சிகளை அளித்து வந்ததை இக்காலத்துக் குழந்தைகள் அறியார். கல்யாணில் தமிழ்க் குடும்பங்களில் வளர்ந்த எங்களுக்கு, அண்டை வீட்டுக் கூடத்துக் கறுப்பு வெள்ளைப் பெட்டியின் முன், மராத்திச் சிறுவர்களோடு பேதமின்றி அமர்ந்து கண்ட ‘கில்பில்’தான், பாடப்புத்தகம் புகட்டாத சரளத்தோடு அம்மொழியைப் பழக்கிற்று என்பதையும், அன்று அரும்பிய சிநேகங்கள் இன்றளவும் நிலைத்திருக்கின்றன என்பதையும் நன்றியோடு கூறுவேன். வர்ளியிலுள்ள அத்தூரதர்ஷன் நிலையத்தார் அந்நாளைய ஒளிப்பதிவுகளில் எஞ்சியவற்றைத் தேடியெடுத்து மீண்டும் ஒளிபரப்பினால், எங்கள் பேரக் குழந்தைகளுக்கும் அந்த ஆனந்தம் சித்திக்கும்; ஆவன செய்யுமாறு அவர்களைத் தங்கள் பத்திரிகை வாயிலாக வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகி,
கல்யாண்