பறித்துக் கொடுப்பது பகிர்வாகாது



"நீ பெரியவள்தானே, தம்பிக்கு விட்டுக்கொடு." நம் இல்லங்களில் இந்தச் சொல் ஒலிக்காத நாள் இல்லை. ஆறு வயது அக்காள் தன் பொம்மைக்கு உடையுடுத்திக்கொண்டிருக்கிறாள். இரண்டு வயதுத் தம்பி அதைக் கேட்டு அழுகிறான். தாய் அதை வாங்கித் தம்பியின் கையில் கொடுக்கிறார். அழுகை ஓய்கிறது. பகிரக் கற்றுக்கொடுத்துவிட்டோம் என்று மனநிறைவடைகிறோம். நான் அதை மறுக்கிறேன். அங்கே நடந்தது பகிர்வு அன்று, பறிப்பு.

அனனியாவிடம் பேதுரு பேசியதைக் கவனியுங்கள் (அப்போஸ்தலர் 5:4). விற்குமுன் நிலம் அவனுடையது. விற்ற பின்பும் பணம் அவன் அதிகாரத்தில் இருந்தது என்கிறார். அவன் குற்றம் கொடாமை அன்று, பொய். மனவருத்தத்தோடும் நிர்ப்பந்தத்தாலும் கொடுக்கலாகாது என்று பவுலும் போதிக்கிறார் (2 கொரிந்தியர் 9:7). நம் காணிக்கைக்கு இந்த நியமத்தை ஏற்கும் நாம், பிள்ளையின் பொம்மைக்கு மட்டும் ஏன் மறுக்கிறோம்?

அழுதால் கிடைக்கும் என்று இளையவன் கற்கிறான். தன்னுடையது எதுவும் தனக்கு நிலைக்காது என்று மூத்தவள் கற்கிறாள். பெண்பிள்ளைக்கோ இப்பாடம் ஆயுள்வரை தொடர்கிறது. யாக்கோபு ஒரு மகனுக்கு மட்டும் அங்கி செய்வித்தான். அதன் விலையை முழுக் குடும்பமும் செலுத்தியது (ஆதியாகமம் 37). சொத்துப் பிரிவினையால் ஒருவர் முகத்தை ஒருவர் பாராத சகோதரரோடு அமர்ந்து ஜெபித்திருக்கிறேன். அவர்கள் முதலில் பேசுவது நிலத்தைப் பற்றியன்று. "சின்ன வயசிலிருந்தே அம்மாவுக்கு அவன்தான்" என்பதே முதல் வார்த்தை.

அப்படியானால் சுயநலத்தை வளர்ப்பதா என்பீர்கள். இல்லை. இரண்டு வயதுப் பிள்ளைகள் சேர்ந்து விளையாடுவதைவிட அருகருகே தனித்தனியே விளையாடுவதே அதிகம் என்று மில்ட்ரெட் பார்ட்டன் என்னும் ஆய்வாளர் 1932-இலேயே எழுதினார். பகிர்தல் மெதுவாய் முளைக்கும் பயிர். இழுத்து வளர்க்க இயலாது. மேலும், தனக்கென்று ஒன்றும் இல்லாதவள் எதைக் கொடுப்பாள்?

ஆகவே ஒவ்வொரு பிள்ளைக்கும் தனக்கென ஒரு பெட்டி இருக்கட்டும். அதிலுள்ளதைக் கேட்டு, சம்மதம் பெற்றே மற்றவர் எடுக்கட்டும். பந்தும் கட்டைகளும் சைக்கிளும் பொதுவாயிருக்கட்டும். அவற்றுக்கு முறை வைப்போம். கையில் வைத்திருப்பவள் விளையாடி முடிக்கட்டும். காத்திருப்பவனை மடியில் அமர்த்திக் காத்திருக்கப் பழக்குவோம். கேளாமலே ஒரு பிள்ளை கொடுக்கும் நாளில் மனதாரப் பாராட்டுவோம்.

சுதந்தரத்தைப் பங்கிடும்படி தன் சகோதரனுக்குச் சொல்ல வேண்டும் என ஒருவன் கேட்டபோது, ஆண்டவர் பங்கிடுகிறவராயிருக்க மறுத்தார்; பொருளாசையைக் குறித்தே எச்சரித்தார் (லூக்கா 12:13-15). பொருளை விட்டு இருதயத்தைத் தொட்டார். நாமோ நாளுக்குப் பத்துமுறை பொருளைப் பிரித்து, இருதயத்தை விட்டுவிடுகிறோம்.

இன்று மாலை பொம்மைக்காக அழுகுரல் எழும்பும்போது, கையை நீட்டுமுன் சற்று நில்லுங்கள். கர்த்தர் உங்கள் பிள்ளைகளுக்கு மனமுவந்து கொடுக்கும் இருதயத்தைத் தருவாராக. ஆமென்.