நல்லா ஓடுறதை ஏன் மாத்தணும்?

போன சனிக்கிழமை ராத்திரி, நான் லேப்டாப்போடு உட்கார்ந்ததைப் பார்த்து மகள் கேட்டாள்: "நல்லாத்தானே ஓடுது, ஏம்மா மாத்துற?" எங்க மேனேஜரும் இதையேதான் கேட்டிருந்தார்.

எங்க கம்பெனி ஆர்டர்கள் எல்லாம் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் இருக்கின்றன. அதன் ஒவ்வொரு பெரிய வெர்ஷனுக்கும் 5 வருஷம்தான் ஆதரவு. எங்களிடம் இருந்த 13-க்கு அது 2025 நவம்பரோடு முடிந்துவிட்டது. இனி அதில் பாதுகாப்பு ஓட்டை தெரிந்தாலும் அடைத்துத் தர மாட்டார்கள். அதனால் 17-க்கு மாற முடிவு செய்தோம்.

1 மணிக்கு சைட்டை நிறுத்தினோம். 2 மணிக்கு முன்பே புது வெர்ஷன் எழுந்துவிட்டது. அப்பாடா என்று டீ போடப் போனேன். திரும்பி வந்தால் ஒரு பக்கமும் திறக்கவில்லை, எல்லாம் சுற்றிக்கொண்டே இருந்தது.

காரணம் இதுதான். எந்த டேபிளில் எவ்வளவு டேட்டா, எது அடிக்கடி வருகிறது என்று டேட்டாபேஸ் ஒரு கணக்கு வைத்திருக்கும். அதைப் பார்த்துத்தான் தேடும் வழியைத் தேர்ந்தெடுக்கும். 17-க்கு மாறும்போது டேட்டா வரும், அந்தக் கணக்கு வராது. 'அனலைஸ்' கட்டளை கொடுத்து மறுபடி எடுக்கணும். செக்லிஸ்டில் இருந்தது, நான்தான் தாண்டிவிட்டேன். ஒத்திகையிலும் தாண்டியிருக்கிறேன். அங்கே டேட்டா கொஞ்சம் என்பதால் ஒன்றும் தெரியவில்லை.

"பழசுக்கே போயிடலாமா?" என்றார் மேனேஜர். பழைய காப்பி பத்திரமாக இருந்தது. ஆனால் அதற்குள் புதியதில் 40 ஆர்டர் விழுந்திருந்தது. திரும்பினால் அந்த 40 பேரும் பணம் கட்டியது பழைய காப்பியில் இருக்காது. முதல் ஆர்டர் வந்தபோதே திரும்பும் கதவு பாதி மூடிவிட்டது. "அரை மணி நேரம் கொடுங்க" என்றேன். கை நடுங்கியது உண்மை. 25 நிமிஷத்தில் எல்லாம் சரியானது.

நீங்களும் இந்த வேலையில் இருந்தால் ரெண்டே விஷயம்: முழு டேட்டாவை வைத்து ஒத்திகை பாருங்க. எந்த நிமிஷத்துக்கு மேல் திரும்ப முடியாது என்பதை முன்னாடியே எழுதி வைங்க.

காலையில் தமிழ்ப் பள்ளிக்குப் போகும் வழியில் மகளுக்குப் பதில் சொன்னேன்: "ஓடும்போதே மாத்தினா நேரத்தை நாம குறிக்கலாம். நின்னுட்டா அது குறிக்கும்."

"அப்போ ஏன் தூங்கல?" என்றாள்.