செவிக்கு எட்டும் போர்க்காலம்

பிரெஞ்சுச் சட்டமன்றம் 1792 ஏப்ரல் 20 அன்று ஆஸ்திரியாவின் மீது போர் அறிவித்ததில் தொடங்கி, 1815 ஜூன் 18 அன்று வாட்டர்லூ களத்தில் நெப்போலியன் போனபார்ட் இறுதியாகத் தோற்றது வரையிலான இருபத்து மூன்று ஆண்டுகளை வரலாற்றாசிரியர்கள் இரண்டாகப் பிரித்து, முற்பகுதியைப் புரட்சிப் போர்கள் என்றும் பிற்பகுதியை நெப்போலியப் போர்கள் என்றும் வழங்குகின்றனர். 1802 மார்ச்சில் கையெழுத்தான அமியென் உடன்படிக்கை தந்த ஓராண்டுச் சொச்ச அமைதியும் 1814-இல் நெப்போலியன் முடி துறந்தபின் வாய்த்த சிறு இடைவெளியும் நீங்கலாக, ஐரோப்பாவின் ஏதாவதொரு மூலையில் பிரெஞ்சுப் படை போரிட்டுக்கொண்டே இருந்த காலம் அது. அதைப் பற்றி எழுதப்பட்ட நூல்கள் ஒரு பெரிய நூலகத்தையே நிரப்பக்கூடியவை. அண்மை ஆண்டுகளில் அவற்றோடு, பாட்காஸ்ட் என்றும் வலையொலி என்றும் வழங்கப்படும் ஒலித்தொடர்களும் சேர்ந்துகொண்டன. பேருந்திலும் சமையலறையிலும் காதில் செருகிய கருவி வழியே கேட்கப்படும் இத்தொடர்கள் ஒரு போர்க்காலத்தை எவ்வளவு தூரம் விளங்க வைக்கும், எங்கே தடுமாறும் என்பது ஆராயத்தக்கது.

இவ்வகையில் இரண்டு தொடர்களை அருகருகே வைத்துக் காணலாம். அமெரிக்கரான மைக் டங்கன், 2007 முதல் 2012 வரை ரோமானிய வரலாற்றைத் தொடராக வழங்கி முடித்தபின், 2013-இல் 'ரெவலூஷன்ஸ்' என்ற தொடரைத் தொடங்கினார். புரட்சி ஒன்றுக்கு ஒரு பருவம், அதாவது தொடர்ந்து வரும் அத்தியாயங்களின் ஒரு தொகுதி, என்ற முறையில் பதினேழாம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் ஆரம்பித்து அமெரிக்கா, பிரான்ஸ், ஹெய்ட்டி, தென் அமெரிக்கா என நகர்ந்து ரஷ்யா வரை அவர் சென்றார். ரஷ்யப் பருவம் மட்டுமே நூறு அத்தியாயங்களைத் தாண்டியது. எவரெட் ரம்மேஜ் வழங்கும் 'தி ஏஜ் ஆஃப் நெப்போலியன்', பெயர் உணர்த்துவது போலவே, கோர்சிகாத் தீவில் பிறந்த ஒருவரின் வாழ்வை நூலாகக் கொண்டு அவர் காலத்து ஐரோப்பாவைக் கோக்கிறது. முன்கூட்டியே எழுதிய உரையைத் தனி ஒருவர் வாசிப்பதே இரண்டின் முறையும் ஆகும். இருவர் அமர்ந்து சிரித்துப் பேசும் அரட்டை வகைத் தொடர்களிலிருந்து இவை வேறுபடும் இடம் இதுதான், நேர்த்தியிலும் இவை மேலானவை என்றே சொல்ல வேண்டும்.

போர் வரலாறு என்றவுடன் எதிர்பார்க்கப்படுவது களக்காட்சி. ஆனால் செவிக்கு மிகக் குறைவாகப் பயன்படுவதும் அதுவே. 1805 டிசம்பர் 2 அன்று நடந்த ஆஸ்டர்லிட்ஸ் போரில், நெப்போலியன் தன் வலப்புற அணியை வேண்டுமென்றே நலிந்ததாகக் காட்டி, எதிரிகளை அப்பக்கம் ஈர்த்து, அவர்கள் விட்டு இறங்கிய பிராட்சென் மேட்டைக் கைப்பற்றி அவர்களின் நடுவணியைப் பிளந்தார் என்பதை வரைபடத்தில் காண்பவருக்கு அரை நிமிடத்தில் விளங்கிவிடும். அதையே காதால் கேட்பவர் வலம் எது, இடம் எது, யாருடைய வலம் என்ற குழப்பத்தில் மூன்றாம் வாக்கியத்திலேயே வழி தவறிப்போகிறார். கோயில் வாசலில் பாரதம் சொன்ன பிரசங்கிகள் இதை நன்கு அறிந்திருந்தனர். பதினெட்டு நாள் போரில் எந்த அணி எந்தத் திசையில் நின்றது என்பதைக் கேட்டவர்கள் மறந்துபோவார்கள், யார் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்திருந்தார் என்பதை மறக்கமாட்டார்கள். படைப்பிரிவுகளின் நகர்வை மணிக்கணக்காக விவரிக்கும் ஒலித்தொடர்கள் ஆர்வலர்களைத் தவிர மற்றவர்களை இழந்துவிடுவதற்கு இதுவே காரணம்.

காலம் நீளும் விதத்தைக் காட்டுவதில்தான் செவிவழிக் கதைக்கு இயல்பான வலிமை இருக்கிறது. 1812-இன் ரஷ்யப் படையெடுப்பு இதற்குத் தக்க சான்று. பிரெஞ்சுப் பொறியாளர் ஷார்ல் ஜோசப் மினார் 1869-இல் வரைந்த புகழ்பெற்ற விளக்கப்படம் அந்தப் படையெடுப்பை ஒரே தாளில் அடக்குகிறது: நீமென் ஆற்றைக் கடக்கையில் 4,22,000 வீரர்களைக் குறிக்கும் அகன்ற பட்டை, மாஸ்கோவை அடைகையில் 1,00,000 பேராகக் குறுகி, திரும்பும்போது 10,000 பேரைக் குறிக்கும் கோடாகிவிடுகிறது, அடியில் திரும்பிய வழியின் குளிர்நிலை குறிக்கப்பட்டிருக்கிறது. இப்படத்தை வியப்பவர்கள் பலரும் அந்தக் குளிரின் கோட்டையே பார்த்துவிட்டு, ரஷ்யப் பனிதான் பெரும்படையை அழித்தது என்ற பழைய எண்ணத்தோடு அகல்கின்றனர். படத்தின் எண்களோ வேறொன்றைக் கூறுகின்றன. வழியில் வேறு திசைகளுக்குப் பிரிந்துபோன பிரிவுகளைக் கழித்த பின்னும், முதலில் ஆற்றைக் கடந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஒரு பனித்துளி விழுமுன்பே, ஜூன் 24-க்கும் செப்டம்பர் 14-க்கும் இடையிலான கோடையில், கணக்கிலிருந்து மறைந்திருந்தனர். மாஸ்கோவை அடையுமுன் நடந்த போரொடினோ போரில் வீழ்ந்தவர்கள் அவர்களில் ஒரு பங்கினரே. பச்சைக் கதிரைத் தின்று குதிரைகள் மடிந்தன. உணவு வண்டிகள் பின்தங்கின. டைபஸ் எனப்படும், பேன்களால் பரவும் கொடுங்காய்ச்சல் கூடாரங்களில் புகுந்தது. பசித்தவர்கள் அணியை விட்டு ஓடினர். வாரம் ஓர் அத்தியாயமாக இப்பயணத்தைக் கேட்பவர் நெடுநேரம் அந்தக் கோடைச் சாலையிலேயே நிறுத்தப்படுவதால், அக்டோபர் 19 அன்று மாஸ்கோவை விட்டுப் புறப்படுமுன்பே படை நொறுங்கியிருந்ததை அவர் தாமாகவே உணர்கிறார்.

இத்தனை ஆட்களை ஓர் அரசு எங்கிருந்து திரட்டியது என்ற கேள்விக்கும் பொறுமையான கதைசொல்லலே விடை தரும். 1793 ஆகஸ்ட் 23 அன்று பிரெஞ்சுத் தேசிய மாநாடு பிறப்பித்த ஆணை, 'லெவே ஆன் மாஸ்', அதாவது மக்கள் திரள் முழுவதையும் போருக்கு அழைத்தல் என்று அறியப்படுகிறது; இளைஞர் களம் செல்லவும், மணமானவர்கள் ஆயுதம் செய்யவும், பெண்கள் கூடாரமும் உடையும் தைக்கவும் அது பணித்தது. கூலிப்படைகளையும் சிறு தொழில்முறைப் படைகளையும் கொண்டு மன்னர்கள் நடத்திவந்த போரின் அளவே அதனால் மாறிப்போனது. ஐந்தாண்டுக்குப் பின் வந்த ஜூர்தான் சட்டம், இருபது முதல் இருபத்தைந்து வயது வரையிலான ஆண்களைப் பட்டியலிட்டு ஆண்டுதோறும் அழைக்கும் நிலையான முறையை ஏற்படுத்தியது. பின்னர் பணம் கொடுத்துத் தமக்கு மாற்றாக வேறொருவரை அனுப்பும் வசதியும் அனுமதிக்கப்பட்டதால், சமத்துவத்தின் பெயரால் பிறந்த கடமை விரைவிலேயே வசதியற்றவர்களின் தலையில் விடிந்தது. பேரரசின் கதையை முடிசூட்டு விழாவில் தொடங்குபவர்கள், அதன் படை புரட்சியின் ஆணையிலிருந்து பிறந்தது என்பதைத் தவறவிடுகின்றனர்.

சான்றுகளைக் கையாள்வதில் ஒலித்தொடருக்கு ஓர் ஆபத்து உண்டு. நெப்போலியன் தன் போர்ச்செய்திகளைத் தானே சொல்லி எழுதுவித்து, 'புல்லட்டின்' என்ற அறிக்கைகளாக வெளியிட்டார். பெரும்பொய்யைப் புல்லட்டினுக்கு ஒப்பிடும் வழக்கம் அவர் படையிலேயே இருந்தது. 1812 டிசம்பர் 3 தேதியிட்ட இருபத்தொன்பதாம் அறிக்கை பேரழிவை ஓரளவு ஒப்புக்கொண்டுவிட்டு, பேரரசரின் உடல்நலம் மிகச் சிறப்பாக இருப்பதாகக் கூறி முடிகிறது. இத்தகைய ஆவணத்தை எவரும் எளிதில் ஐயுறுவர். வீரர்களின் நினைவுக்குறிப்புகளோ அவ்வளவு எளிதில் ஐயத்துக்கு உட்படுவதில்லை. முப்பது வயதைக் கடந்த பின்பே எழுதப் படிக்கக் கற்ற ழான்-ரோக் கொய்ஞே, முதுமையில் எழுதிய தன் நினைவுகளில் தன்னையே நாயகனாக்கிக்கொண்டார். வூர்ட்டம்பெர்க் நாட்டுக் கல்தச்சர் யாக்கோப் வால்டர் ரஷ்யப் பயணத்தைப் பற்றி விட்டுச்சென்ற குறிப்பிலோ வீரமும் கொள்கையும் அரிது. எங்கே மாவு கிடைத்தது, யார் ரொட்டியைத் திருடினார் என்பதே அதன் பெரும்பகுதி, அதனாலேயே அது நம்பத்தக்கதாகவும் இருக்கிறது. இரண்டையும் ஒரே குரலில், ஒரே உருக்கத்தோடு ஒருவர் வாசிக்கும்போது அவற்றுக்கிடையிலான வேறுபாடு மங்கிவிடுகிறது. நூலில் அடிக்குறிப்பைக் கண்டு எச்சரிக்கையாகும் வாசகர், குரலைக் கேட்கையில் நம்பிவிடுகிறார்.

எனினும் ஒரு தொடரின் வரலாற்றுப் பார்வையைத் தீர்மானிப்பது, அது எங்கே தொடங்கி யாரைப் பின்தொடர்கிறது என்பதே. ஒரு மனிதரின் பெயரில் காலத்தை அழைக்கும்போது அவர் நுழையும் இடங்கள் மட்டுமே ஒளிபெறும். டங்கன் பிரெஞ்சுப் புரட்சிக்கு அடுத்த பருவமாக ஹெய்ட்டியை வைத்தது இவ்வகையில் மிகச் சரியான தேர்வு. அன்று சான் தொமிங் என வழங்கப்பட்ட அந்தக் கரீபியக் குடியேற்றத்தில் சர்க்கரைத் தோட்ட அடிமைகள் 1791 ஆகஸ்டில் கிளர்ந்தெழுந்தனர். 1794 பிப்ரவரி 4 அன்று பாரிஸில் தேசிய மாநாடு அடிமை முறையை ஒழித்தபோது, களத்தில் அவர்கள் ஏற்கெனவே வென்றெடுத்ததற்கே அது சட்ட வடிவம் தந்தது. நெப்போலியன் தன் மைத்துனர் லெக்ளேர்க்கின் தலைமையில் பெரும்படையை அங்கே அனுப்பினார்; 1802-இல் பிற குடியேற்றங்களில் அடிமை முறையை நிலைநிறுத்தச் சட்டமும் செய்தார். லெக்ளேர்க்கும் அவர் வீரர்களில் பல்லாயிரவரும் மஞ்சள் காய்ச்சலுக்குப் பலியாயினர். வஞ்சகமாகப் பிடிக்கப்பட்ட, முன்னாள் அடிமைகளின் தலைவர் தூசான் லுவெர்த்தூர் 1803 ஏப்ரலில் பிரெஞ்சு மலைக்கோட்டை ஒன்றில் சிறையிலேயே இறந்தார். ஆனால் அவ்வாண்டு நவம்பரில் வெர்த்தியேர் களத்தில் பிரெஞ்சுப் படை தோற்க, 1804 ஜனவரி 1 அன்று ஹெய்ட்டி விடுதலை அறிவித்தது. ஆஸ்டர்லிட்ஸுக்கு ஏறத்தாழ ஈராண்டு முன்பே நெப்போலியனின் பெரும்படை ஒன்று முன்னாள் அடிமைகளிடம் முறியடிக்கப்பட்டிருந்ததும், அக்குடியேற்றத்தை மீட்கும் திட்டம் நொறுங்கியதையொட்டியே லூசியானா நிலப்பரப்பு அமெரிக்காவுக்கு விற்கப்பட்டதும், அவருடைய வாழ்க்கை வரலாறுகளில் ஒரு பத்தியோடு கடந்துபோகின்றன.

இவ்வாறு ஒளிபெறாமல் போகும் இந்தப் போர்களின் மற்றோர் அரங்கு இந்தியப் பெருங்கடல். 1795 ஜனவரியில் பிரெஞ்சுப் படை நெதர்லாந்தைக் கைப்பற்றி அங்கே படாவியக் குடியரசு நிறுவப்பட்டபோது, இங்கிலாந்துக்குத் தப்பியோடிய ஆட்சித்தலைவர் ஐந்தாம் வில்லியம், கியூ என்னுமிடத்திலிருந்து தம் குடியேற்ற அதிகாரிகளுக்குக் கடிதங்கள் விடுத்து, பிரிட்டிஷ் படைகளை அனுமதிக்கும்படி கேட்டுக்கொண்டார். அதை முன்வைத்துச் சென்னையிலிருந்து புறப்பட்ட படை அதே ஆண்டில் திருகோணமலையையும் யாழ்ப்பாணத்தையும், 1796 பிப்ரவரியில் கொழும்பையும் கைக்கொண்டது. டச்சுக்காரர்களுக்காகக் கொழும்பைக் காத்துநின்ற த மியூரோன் என்னும் சுவிஸ் கூலிப்படை, அதன் உரிமையாளரான பிரபு பேரம் பேசி முடித்ததால் பிரிட்டிஷ் பக்கம் மாறி, 1799-இல் சீரங்கப்பட்டண முற்றுகையில் திப்பு சுல்தானுக்கு எதிராகப் போரிட்டது. இலங்கையின் கடலோரப் பகுதிகள் பிரிட்டனுக்கே உரியவை என்பதை உறுதிசெய்தது, மேலே குறிப்பிட்ட அமியென் உடன்படிக்கைதான். வட பிரான்சின் ஒரு நகரில் இட்ட கையெழுத்தில் யாழ்ப்பாணத்தின் ஆட்சி தீர்மானிக்கப்பட்டது. அங்கே வாழ்ந்தவர்களை யாரும் கேட்கவில்லை.

மொரீஷியஸின் நிலை இன்னும் விந்தையானது. பிரெஞ்சுத் தனியார் போர்க்கப்பல்கள் பிரிட்டிஷ் வணிகக் கலங்களைக் கொள்ளையிடுவதற்குத் தளமாக இருந்த அத்தீவின் கிராண்ட் போர்ட் துறைமுகத்தில் 1810 ஆகஸ்டில் பிரெஞ்சுக் கப்பல்கள் பெற்ற வெற்றி, பாரிஸின் வெற்றி வளைவில் பொறிக்கப்பட்டிருக்கும் ஒரே கடற்போர் வெற்றியாகும். அடுத்த சில மாதங்களிலேயே, சென்னை மாகாணச் சிப்பாய்களும் இடம்பெற்ற பெரும்படை ஒன்று தீவைக் கைப்பற்றியது. ஆனால் டிசம்பரில் எழுதப்பட்ட சரணடைவு ஒப்பந்தம் குடியிருந்தோரின் சட்டங்களையும் வழக்கங்களையும் அப்படியே விட்டுவைத்தது. ஆகவே, பின்னாளில் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்ட தமிழர்களின் வழித்தோன்றல்கள் இன்று அங்கே ஒரு வாரிசுரிமை வழக்கைத் தொடுத்தால், அது நெப்போலியன் 1804-இல் பிறப்பித்த உரிமையியல் சட்டத்தொகுப்பின் வழிவந்த விதிகளின்படியே தீர்க்கப்படுகிறது.