திருமலை நாயக்கர் மகால்: சுண்ணாம்பில் நிற்கும் கட்டடத்துக்கு சிமென்ட் ஏன் ஆகாது?

அருப்புக்கோட்டையைத் தாண்டி, தூத்துக்குடி ரோட்டில் இருக்கும் பந்தல்குடியில் பூமியைத் தோண்டினால் சுண்ணாம்புக்கல். அது இன்று லாரி ஏறி சிமென்ட் ஆலைக்குப் போகிறது. சுண்ணாம்பை சிமென்ட் ஆக்காமல், சுண்ணாம்பாகவே வைத்துக் கட்டினால் எப்படி இருக்கும்? மதுரைக்கு பஸ் ஏறி, திருமலை நாயக்கர் மகாலைப் பாருங்க.

1636-ல் கட்டிய அரண்மனை. இப்போ மிச்சம் இருப்பது கால்வாசிதான். தலைநகரைத் திருச்சிக்கு மாற்றிய பேரன் சொக்கநாத நாயக்கர், நிறையப் பகுதிகளைப் பிரித்து எடுத்துட்டுப் போனார். (தாத்தா சொத்துதானே!) 1866-72 காலத்தில் சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு பழுதுபார்க்க வைத்தார். பிறகு 1970 வரை மாவட்ட நீதிமன்றம் இங்கேதான் நடந்தது.

சொர்க்க விலாசத்தில் நின்று அண்ணாந்து பாருங்க. குவிமாடத்தைத் தாங்க மரச்சட்டம் இல்லை, இரும்பு உத்தரமும் இல்லை. செங்கலும் சுண்ணாம்புக் காரையும்தான்.

எப்படித் தாங்குது? சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 900 டிகிரியில் சுட்டால், அதிலுள்ள கரியமில வாயு வெளியேறும். மிஞ்சுவதைத் தண்ணீர் விட்டு நீற்றி, மணலோடு அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துப் பூசுவாங்க. பூச்சு காற்றிலிருந்து அதே வாயுவை மெதுவாக இழுத்து, திரும்பவும் கல்லாகும். உள்ளே போன ஈரம் அதன் வழியாகவே வெளியே வந்துவிடும்.

சிமென்ட் பூச்சு இறுக்கமானது. ஈரத்தை வெளியே விடாது. அது செங்கலுக்குள் தங்கி, உப்புப் பூத்து, செங்கலையே அரிக்கும்.

இது மகால் பிரச்சினை மட்டும் இல்லை. எங்க அப்பத்தாவின் காரை வீட்டில் வெடிப்பு விட்ட சுவருக்கு சிமென்ட் பூசினோம். மூணாவது மழைக்காலத்தில் பூச்சு பாளமாகக் கழன்றது, செங்கலின் முகத்தையும் பேத்துக்கிட்டு. கொத்தனாரைக் குறை சொல்ல முடியாது. சுண்ணாம்பு வேலைக்கு நாள் பிடிக்கும், கூலி கூடும், தெரிந்த ஆட்களும் குறைவு.

அதனால்தான் சொல்றேன்: பழைய கட்டடத்தைப் புதுப்பிக்க எவ்வளவு நிதி என்ற செய்தி மட்டும் போதாது. எந்தக் கலவை, யார் பூசுறாங்க என்பதையும் வேலை நடக்கும் இடத்திலேயே பலகையில் எழுதி வைக்கணும். சுண்ணாம்பு வேலையை ஐடிஐ-யில் ஒரு பாடமாக்கணும். சுண்ணாம்புக்கல் கிடைக்கிற நம்ம பக்கத்திலேயே அதை ஆரம்பிக்கலாமே?