செஞ்சியில் பெரிய கேமரா எதற்கு?

மராட்டியர் கோட்டைகள் 12-ஐ 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிராவில், மிச்சம் ஒன்று நம் செஞ்சி.

ஆவணப்படம் எடுக்க வருபவர்கள் டிரைபாடை விரிக்கும் முன் இந்தியத் தொல்லியல் துறையின் அனுமதி கையில் இருக்க வேண்டும். அடுத்தது சுமை. கேமரா, பேட்டரி, மைக் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ராஜகிரியில் சுமார் 800 அடி ஏற வேண்டும். ‘போன்லயே 4கே வருதே, இதெல்லாம் எதுக்கு?’ என்று யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

பதில் அடிவாரத்திலேயே கிடைத்துவிடும். வெளியே பாறை வெயிலில் கண்ணைக் கூசும். நெற்களஞ்சியத்துக்குள் நுழைந்தால் கும்மிருட்டு. போன் தன் இஷ்டத்துக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும். பெரிய கேமராவில் ஐரிஸைக் கையாலேயே நிறுத்திவைக்கலாம். வெயிலுக்கு உள்ளேயே என்டி ஃபில்டர் உண்டு. கேமராவுக்குக் கூலிங் கிளாஸ் மாட்டிய மாதிரி.

அதைவிடப் பெரிய விஷயம் ஒலி. 1714-ல் ஆற்காடு நவாபின் படையோடு மோதி மாண்ட தேசிங்குராஜன் கதையை ஊர்ப் பெரியவர் ஒருவர் மலைமேல் உட்கார்ந்து பாட்டும் பேச்சுமாகச் சொல்கிறார் என்று வையுங்கள். காற்று மைக்கில் மோதினால் அத்தனையும் வீண். காலர் மைக்குக்குப் பஞ்சுறை போட்டு, எக்ஸ்எல்ஆர் சாக்கெட்டில் செருகி, ஹெட்போனில் கேட்டபடியே பதிய வேண்டும். அதே குரலை இன்னொரு சேனலிலும் சற்றுக் குறைவான அளவில் வைத்துக்கொள்வது நல்லது. போர்க்களம் வரும்போது பெரியவர் குரல் திடீரென்று ஏறும். ‘மறுபடி சொல்லுங்க தாத்தா’ என்று கேட்டால் சொல்லுவார். அந்த ஆவேசம் இருக்காது.