'ஃபார்மட் செய்யவா?' என்று கேட்டால் அவசரப்படாதீர்கள்!

நெய்வேலி டவுன்ஷிப்பில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றால், குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். பரணில் கிடப்பதெல்லாம் கீழே இறங்கும் நேரம் அது. பித்தளை அண்டாவோடு சேர்ந்து, பிள்ளைக்கு அரசு கொடுத்த இலவச லேப்டாப்பும் சில வீடுகளில் இறங்கும். பழசுதானே என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள். தாத்தாவின் கடைசி போட்டோ அதில் மட்டுமே இருக்கலாம்.

தமிழக அரசு 2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் எல்காட் மூலம் வாங்கிக் கொடுத்த லேப்டாப்கள் பலவற்றில், விண்டோஸுடன் 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இயங்குதளம் அது.

இப்போது அந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, யு.எஸ்.பி. கேஸில் போட்டு, புதிய விண்டோஸ் 11 லேப்டாப்பில் செருகினால் என்ன ஆகும்? விண்டோஸ் பகுதி திறக்கும். லினக்ஸ் பகுதி திறக்காது. சில நேரம், 'இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யவா?' என்றும் கேட்கும். 'டிஸ்க் போச்சு' என நினைத்து ஓகே கொடுத்தால், அப்போதுதான் நிஜமாகவே போகும்!

எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று டிஸ்க்கில் ஒரு கணக்கு நோட்டு இருக்கும். அதை எழுதும் முறைதான் ஃபைல் சிஸ்டம். விண்டோஸ் எழுதுவது என்.டி.எஃப்.எஸ். முறையில். லினக்ஸ் பெரும்பாலும் எக்ஸ்ட்4 முறையில். விண்டோஸுக்கு எக்ஸ்ட்4 தானாகப் படிக்கத் தெரியாது. 'எனக்குப் புரியலை, கிழிச்சிட்டுப் புது நோட்டு போடவா?' என்பதுதான் அந்தக் கேள்வியின் அர்த்தம். 'வேண்டாம்' என்று சொல்லுங்கள்.

பிறகு எப்படி எடுப்பது?

பழைய லேப்டாப் ஆன் ஆகிறதா? பாஸ் லினக்ஸுக்குள் நுழைந்து, பென் டிரைவில் காப்பி செய்யுங்கள். பென் டிரைவ் 32 ஜி.பி. போதும். அது பெரும்பாலும் ஃபேட்32 முறையில் இருக்கும். பழசு, புதுசு இரண்டுக்கும் புரியும். 64 ஜி.பி. வாங்கினால் எக்ஸ்ஃபேட் முறையில் வரலாம். மைக்ரோசாஃப்ட் 2006-ல் கொண்டுவந்த முறை இது. லினக்ஸ் கெர்னலில் சேர்ந்தது 2019-ல்தான். அதனால் பழைய லினக்ஸ் அதைப் பார்த்து முழிக்கும்.

ஃபேட்32-லும் ஒரு சிக்கல் உண்டு. 4 ஜி.பி. அளவைத் தொடும் ஃபைல் அதில் ஏறாது. 20 ஜி.பி. காலியாக இருந்தாலும் முழு நீளக் கல்யாண வீடியோ பாதியில் நிற்பது இதனால்தான். அதற்கு மட்டும் என்.டி.எஃப்.எஸ். முறையில் ஃபார்மட் செய்த காலி பென் டிரைவை முயன்று பாருங்கள்.

லேப்டாப் ஆன் ஆகவே இல்லையா? உபுண்டு போன்ற லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றி, புதிய லேப்டாப்பை அதிலிருந்து ஆன் செய்யலாம். இன்ஸ்டால் செய்யாமல், 'ட்ரை' என்பதை மட்டும் தேர்ந்தெடுங்கள். பழைய டிஸ்க்கில் இரண்டு பகுதிகளையும் அது படிக்கும். வீட்டில் இன்ஜினீயரிங் படிக்கும் பிள்ளை இருந்தால் இதைச் செய்துவிடும்.

கடையில் கொடுப்பதென்றால், 'ஃபார்மட் வேண்டாம், உள்ளே இருப்பதுதான் வேண்டும்' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தெரியாமல் ஃபார்மட் ஆகிவிட்டால், அந்த டிஸ்க்கில் புதிதாக எதையும் ஏற்றாதீர்கள். மீட்க அப்போதும் வாய்ப்பு உண்டு.

எடுத்த போட்டோக்களை இரண்டு இடங்களில் சேமித்து, இரண்டிலும் திறந்து பார்த்த பிறகு லேப்டாப்பை எடைக்குப் போடுங்கள்.